பெங்களூரு பப்பில் தமிழ் பேண்ட்: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு தமிழ் பேண்டில் பாஸ் கிட்டார் வாசிப்பவன். பகலில் மாரத்தஹள்ளியில் வேலை, வீடு அல்சூரில். நாங்கள் நான்கு பேர், சில நாள் பறையோடு ஐந்து பேர். இந்திராநகர், கோரமங்களா, ஒயிட்ஃபீல்டு பக்கத்துப் பப்களில் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை வாசிக்கிறோம். முடிந்ததும் மேடையில் உட்கார்ந்து கேபிளைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் ஆட்கள் வந்து பேசுவார்கள். பார்க்க வந்தவர்களின் கேள்வி ஒரு மாதிரி. ஓசூரிலிருந்தும் கோவையிலிருந்தும் இங்கே வந்து வாசிக்க ஆசைப்படும் தம்பிகளின் கேள்வி வேறு மாதிரி. என் பெரியம்மாவின் கேள்விகள் தனி ரகம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்தால் அடுத்த தடவை நிம்மதியாகக் கேபிள் சுற்றலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

கிக்கு கிக்குன்னு சொல்றீங்களே, போதையைத்தானே சொல்றீங்க?

இல்லை பெரியம்மா. காசு பேசி ஓர் இரவு போய் வாசித்துவிட்டு வருவதற்கு இந்தத் தொழிலில் கிக் (gig) என்று பெயர். கச்சேரி என்றே சொல்லலாம்தான். ஆனால் கச்சேரி என்றதும் ஜமக்காளம், தொடையில் தாளம் போடும் முன்வரிசை மாமா, காரியதரிசியின் நன்றியுரை எல்லாம் கண்முன் வந்துவிடும். பப்பில் அதெல்லாம் கிடையாது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அன்று பாட்டு இருப்பதே தெரியாது.

குழப்பத்துக்குக் குறைவில்லாமல், டிரம்ஸில் காலால் மிதிக்கிற பெரிய டிரம்முக்கும் கிக் (kick) என்றுதான் பெயர்.

நான் குடிக்க மாட்டேன். சும்மா பாட்டு கேக்க வரலாமா? அம்மாவையும் கூட்டிட்டு வரலாமா?

தாராளமாக வாருங்கள். எங்கள் டிரம்மரே குடிக்க மாட்டார், லைம் சோடாதான். உங்களைக் குடிக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். ஆனால் மேசையில் உட்கார்ந்தால் ஏதாவது வாங்க வேண்டியிருக்கும். சில இடங்களில் வாசலில் கவர் சார்ஜ் என்று நுழைவுக் கட்டணம் வாங்குவார்கள். அது சாப்பாட்டுக் கணக்கில் கழியுமா, கழியாதா என்பதை முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். பல பப்களில் 21 வயது ஆகிவிட்டதா என்று அடையாள அட்டை பார்ப்பார்கள், அதனால் கல்லூரித் தம்பி தங்கைகளைக் கூட்டிவரும்முன் யோசியுங்கள்.

அம்மாவை அழைத்து வருவதென்றால் ஸ்பீக்கருக்கு நேர் எதிர் மேசை வேண்டாம். ஒலியைக் கலந்து அமைக்கும் மிக்சர் கருவி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கேளுங்கள். சவுண்ட் இன்ஜினியர் தன் காதுக்கு நன்றாக இருக்கும்படிதான் அமைப்பார், அந்தச் சுகம் பக்கத்து மேசைக்கும் கிடைக்கும்.

எட்டரைன்னு போட்டிருந்தீங்க. எட்டரைக்கு வந்தா நீங்களே இல்ல!

மன்னிக்கவும். நாங்கள் உள்ளேதான் இருந்தோம், சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எட்டரை என்றால் ஒன்பது, இது எழுதப்படாத சட்டம். மேசைகள் நிறைந்த பிறகு தொடங்கினால்தான் பப்புக்கும் லாபம். வழக்கமாக இரண்டு செட், அதாவது இரண்டு சுற்று, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம், நடுவில் இருபது நிமிட இடைவேளை. கடை இரவு 1 மணி வரை திறந்திருக்கலாம், ஆனால் பேண்ட் பதினொன்றுக்குள் முடித்துவிடும்.

மெட்ரோவில் திரும்பிப் போகிறவர்கள் இரண்டாவது செட்டின் கடைசி இரண்டு பாட்டைத் தியாகம் செய்ய வேண்டியிருக்கும். கடைசி ரயில் பதினொரு மணியை ஒட்டித்தான். இது தெரிந்த பிறகு எங்கள் நல்ல பாட்டைக் கடைசியில் வைப்பதை விட்டுவிட்டோம்.

பெங்களூர்ல தமிழ்ல பாடினா யாரு கேக்குறா?

இந்த ஊரில் தமிழ் நேற்று பஸ் ஏறி வந்ததல்ல. ஆங்கிலேயர் ராணுவம் தங்கியிருந்த கண்டோன்மென்ட் காலத்திலிருந்தே அல்சூர், சிவாஜி நகர், பிரேசர் டவுன் பக்கமெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. 1950-ல் தொடங்கிய தமிழ்ச் சங்கம் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பதினெட்டு வருடம் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009-ல் திறக்கப்பட்டதும் அதே ஏரிக்கரையில்தான். ஆகவே ஆள் இல்லை என்பது பிரச்சினை இல்லை. அந்த ஆட்கள் பப்பில் தமிழை எதிர்பார்ப்பதில்லை, அதுதான் விஷயம். பப் மேடை நெடுநாள் ஆங்கில ராக்குக்கு என்றே இருந்தது. 1996-ல் தொடங்கிய தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் என்ற பேண்ட் இந்த ஊர்க்காரர்கள், ஆங்கிலத்தில் சொந்தப் பாட்டு எழுதி நின்றவர்கள். பிறகு பாடகர் ரகு தீட்சித்தும் ஸ்வராத்மா பேண்டும் கன்னடத்தை ராக் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அகம் என்ற பேண்ட் கர்நாடக சங்கீதத்தை கிட்டாரோடு கட்டியது. 2018 ஜனவரியில் சென்னையில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற பேண்ட் மேடை ஏறியபோது, சினிமா இல்லாமலும் தமிழில் இப்படி ஒரு கூட்டத்தை நிறுத்த முடியும் என்று எங்களுக்குத் தைரியம் வந்தது.

யார் கேட்கிறார்கள் என்று கேட்டீர்கள். முதல் பாட்டு தொடங்கியதும் சமையலறைக் கதவைப் பாருங்கள். வட்டக் கண்ணாடி வைத்த அந்த ஆட்டக் கதவில் ஒரு முகம் வரும், அப்புறம் இரண்டு. கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் பையன்கள். ஒரு முறை எச்சில் தட்டுகளைத் தோள் வரை அடுக்கிக்கொண்டு போன தம்பி ஒருவர் ஒரு வரியில் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்த மேனேஜர் கன்னடத்தில் என்னவோ சொன்னார், அவர் நகரவில்லை. தமிழ் தெரியாத மேசைகள் வேறு விதமாகக் கேட்கும். அவர்களுக்கு வரி புரியாது, ஆனால் பாடுகிறவர் அர்த்தம் தெரிந்து பாடுகிறாரா என்பது எப்படியோ புரிந்துவிடும். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: வரி காதில் விழ வேண்டும். சத்தம் பற்றி நான் கீழே திரும்பத் திரும்பப் புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

கன்னடப் பாட்டு கேட்டா என்ன பண்ணுவீங்க? சண்டை வராதா?

கேட்டால் பாடுவோம். ஒரு கன்னடப் பாட்டு முழுசாகப் பாடத் தெரியாமல் இந்த ஊரில் மேடை ஏறாதீர்கள். பயத்துக்காகச் சொல்லவில்லை, இருக்கிற ஊருக்குச் செய்யும் மரியாதை அது. மைக்கைப் பிடித்ததும் ‘எல்லரிகூ நமஸ்கார’ என்று தொடங்கினால் அறையே கொஞ்சம் இளகும். உச்சரிப்பு தப்பினால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நவம்பர் 1 ராஜ்யோத்சவம், அந்த வாரத்தில் கன்னடம் இல்லாத செட் லிஸ்ட் வேண்டவே வேண்டாம்.

காவிரி சூடாகும் நாட்கள் வேறு கதை. 2016 செப்டம்பரில் பஸ்கள் எரிந்ததை இங்கே இருந்தவர்கள் மறக்கவில்லை. 2023 செப்டம்பர் 26-ல் பெங்களூரு பந்த், மூன்றே நாளில் மாநிலம் முழுக்கப் பந்த். அப்படிப்பட்ட வாரங்களில் பப்காரர் கூப்பிட்டு ‘இந்த வாரம் வேண்டாம் ப்ரோ’ என்பார். விவாதம் செய்யாமல் வேறு தேதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண நாட்களில் இத்தனை வருடத்தில் மொழிக்காக எங்களிடம் குரல் உயர்த்தியவர் ஒரே ஒருவர். இடைவேளையில் அவரே வந்து எங்கள் கிட்டாரிஸ்டுக்கு வறுத்த கடலை வாங்கிக் கொடுத்தார்.

ராஜா பாட்டு ஒண்ணு பாடுங்களேன். சொந்தப் பாட்டு யாருக்கு வேணும்?

எனக்கு வேண்டும். சரி, நியாயமாகப் பேசுவோம். தெரியாத பாட்டுக்கு ஒரு மேசை தொடர்ந்து மூன்று பாட்டு வரை பொறுமை காட்டும், அதற்கு மேல் பில் கேட்கும். நாங்கள் முதல் செட்டில் தெரிந்த பாட்டை அதிகம் வைக்கிறோம். சொந்தப் பாட்டை ஒவ்வொன்றாக இடையில் நுழைக்கிறோம், ‘இது எங்கள் பாட்டு’ என்று அறிவிப்பதே இல்லை. அறிவித்தால் கழிவறைக்கு எழுந்து போகிறார்கள். இரண்டாவது செட்டில் கணக்கைத் திருப்பிப் போடுகிறோம்.

கவர், அதாவது அடுத்தவர் பாட்டு, பாடும்போது அச்சு அசலாக வாசிக்க முயல வேண்டாம். ஐம்பது பேர் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துப் பதிந்ததை நான்கு பேர் நகல் எடுத்தால் இல்லாத நாற்பத்தாறு பேர்தான் கேட்கும்.

அண்ணா, நாங்க ஓசூர் பேண்ட். முதல் கிக் எப்படிப் பிடிக்கிறது?

பப்பில் வாய்ப்பு கொடுப்பவர் பெரும்பாலும் முதலாளி அல்ல, நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மேனேஜர். அவருக்கு வாட்ஸ்அப்பில் நாள் முழுக்க இணைப்புகள் வந்துகொண்டே இருக்கும். அவர் முப்பது வினாடி பார்ப்பார். ஸ்டூடியோவில் மெருகேற்றிய பாட்டை அனுப்பாதீர்கள், ஒத்திகை அறையில் ஒரே டேக்கில் எடுத்த வீடியோ அனுப்புங்கள். நேரில் எப்படி இருப்பீர்கள் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். கூட மூன்று வரி போதும்: எத்தனை பேர், என்ன மாதிரி பாட்டு, எத்தனை நிமிடம். வார இறுதி கேட்காதீர்கள், செவ்வாயோ புதனோ கேளுங்கள்.

இன்னொரு வழி, யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம் என்கிற ஓப்பன் மைக் இரவுகளுக்கு வந்து இரண்டு பாட்டு வாசிப்பது. அன்று மேனேஜர் உங்கள் பாட்டைவிட உங்கள் நடத்தையைத்தான் பார்ப்பார். சொன்ன நேரத்துக்கு வந்தார்களா, ஐந்து நிமிடத்தில் மேடையைக் காலி செய்தார்களா, சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் குறைத்தார்களா. எங்களைத் திரும்பக் கூப்பிட்ட இடங்களில் ஒன்றுகூட ‘உங்கள் இசை பிரமாதம்’ என்று சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘உங்க பேண்ட் இருந்தா ஆர்டர் எடுக்க முடியுது’ என்றார் ஒருவர். எனக்குக் கிடைத்த பாராட்டிலேயே பெரியது.

என்னென்ன தூக்கிட்டு வரணும்?

இடத்தைப் பொறுத்தது. சில பப்களில் டிரம் செட், ஆம்ப், மிக்சர் எல்லாம் நிரந்தரமாக இருக்கும். சிலவற்றில் ஸ்பீக்கர் மட்டும்தான். முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். டிரம் செட் இருந்தாலும் ஸ்நேர், சிம்பல், கிக் பெடல் மூன்றையும் டிரம்மர் சொந்தமாகக் கொண்டுவருவதுதான் வழக்கம். பப் சிம்பல் பெரும்பாலும் விரிசல் விட்டிருக்கும். நான் எப்போதும் பையில் வைத்திருப்பவை: எட்டு சாக்கெட் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பாஸை நேராக மிக்சருக்கு அனுப்ப ஒரு டிஐ பாக்ஸ், உபரிக் கிட்டார் கம்பி ஒரு செட், ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு, கறுப்பு டேப், சின்ன டார்ச். இதில் அதிகம் கடன் போவது டேப்.

ஒரு தாளில் யார் எங்கே நிற்பார்கள், எத்தனை மைக், மிக்சருக்கு எத்தனை லைன் என்று படம் போட்டு முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். அரை மணி நேரம் மிச்சமாகும்.

சவுண்ட் செக்ல சூப்பரா இருந்துச்சு. கூட்டம் வந்ததும் கேவலமா ஆயிடுச்சு. ஏன்?

ஆறு மணிக்கு ஒலிச் சோதனையில் நீங்கள் கேட்டது காலியான அறை. ஒன்பது மணிக்கு அந்த அறையே வேறு. மனித உடம்பும் துணியும் உயர் சுருதிகளை நன்றாக உறிஞ்சிவிடும். சிம்பலின் மினுமினுப்பும் குரலில் உள்ள ‘ச’, ‘த’ ஒலிகளும் மங்கும். தாழ்ந்த சுருதிச் சத்தம் அவ்வளவு சுலபமாக அடங்காது, கண்ணாடிச் சுவரிலும் சிமென்ட் தரையிலும் மோதி உருண்டுகொண்டே இருக்கும். அதனால்தான் எல்லாம் குழைந்த சோறு மாதிரி கேட்கிறது. அதோடு பேச்சுச் சத்தம். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான். நீங்கள் ஒரு பங்கு கூட்டினால் மேசைகள் ஒரு பங்கு கூட்டும், நீங்கள் திரும்பக் கூட்டுவீர்கள். பத்து மணிக்கு எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள், யாருக்கும் எதுவும் கேட்காது.

வழக்கமான சவுண்ட் செக் கிக் டிரம்மில் தொடங்கிக் குரலில் முடியும். நாங்கள் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் பாடகியின் குரல் மட்டும், கடைசி மேசை வரை வரி புரிகிறதா என்று நான் நடந்து போய்க் கேட்பேன். அது சரியான பிறகு மற்ற ஒவ்வொன்றையும் குரலுக்குக் கீழே சேர்ப்போம். சவுண்ட் இன்ஜினியர்களில் பாதிப் பேருக்கு இது பிடிக்காது. ஆனால் கூட்டம் வந்த பின்பு எதையாவது குறைக்க வேண்டுமென்றால் என் பாஸைத்தான் குறைக்கச் சொல்வேன். பாஸ் வாசிப்பவனே கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

மைக் பற்றி ஒன்று. பப்களில் அதிகம் பார்ப்பது ஷூர் எஸ்எம்58, 1966-லிருந்து வருகிற மாடல். அது முன்பக்கச் சத்தத்தை வாங்கும், பின்பக்கத்தைத் தள்ளும். அந்தக் குணம் வேலை செய்ய, வலைப் பந்துக்குப் பின்னால் உள்ள இடைவெளிகள் திறந்திருக்க வேண்டும். ராப் பாடுகிறவர்கள் ஸ்டைலுக்காகப் பந்தைக் கையால் பொத்திப் பிடிப்பார்கள். உடனே மைக் எல்லாப் பக்கத்தையும் வாங்கத் தொடங்கும், மேடையை நோக்கி வைத்த ஸ்பீக்கரான மானிட்டர் விசில் அடிக்கும், எல்லோரும் சவுண்ட் இன்ஜினியரை முறைப்பார்கள். தப்பு அவருடையதல்ல.

டிரம்மரை மெதுவா அடிக்கச் சொன்னா கோவிச்சுக்கிறான். என்ன பண்றது?

அவருடைய காதைப் பற்றிப் பேசுங்கள், கேட்பார். 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது ஒரு பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு. அப்படியே போனால் 100-க்கு வெறும் கால் மணி நேரம். சின்ன மேடையில் முழு வேகத்தில் டிரம்ஸ் அடித்தால் 100-ஐத் தொடுவது ஒன்றும் கஷ்டமில்லை. நம் செட்டோ தொண்ணூறு நிமிடம்.

குச்சிக்குப் பதிலாக மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ராட்ஸ் கிடைக்கும், சத்தம் கணிசமாகக் குறையும். எங்கள் டிரம்மர் முதலில் ‘விளக்குமாறால அடிக்கச் சொல்றியா’ என்றார். இப்போது பாதிப் பாட்டுக்கு அதுதான். எல்லோரும் இயர்பிளக் போடுங்கள். பஞ்சு வைப்பது பலன் தராது.

பறையைப் பப்புல அடிக்கலாமா? சரியா வருமா?

இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. சாராயம் ஓடும் இடத்தில் பறையை எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எங்களுக்குக் கற்றுத்தந்த அண்ணனிடமே கேட்டேன். ‘சாவு வீட்டுல குடிச்சிட்டு ஆடுறவன் முன்னாடி அடிச்சது போதாதா? இங்க காசும் கொடுக்குறான், உக்காரச் சேரும் கொடுக்குறான்’ என்றார். அதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது.

தொழில்நுட்பக் கேள்விதான் பெரிது. தோல் பறையைத் தீயில் காய்ச்சித்தான் விறைப்பேற்றுவார்கள். பப்பில் வைக்கோல் கொளுத்த முடியுமா? மழைக்கால பெங்களூரில், போதாததற்கு ஏசியில், தோல் தொய்ந்து ‘தொப் தொப்’ என்னும். நாங்கள் ஹேர் டிரையர் எடுத்துப் போகிறோம். இடைவேளையில் கழிவறைக்கு வெளியே ஒருவர் பறைக்குத் தலை காயவைப்பதைப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள். மைக் தேவையே இல்லை, சின்ன அறையில் பறை எல்லாவற்றையும் முழுங்கிவிடும். அதனால் அவரை மேடையில் நிறுத்தாமல் பின்சுவர் ஓரம் நிறுத்தி, இரண்டே பாட்டுக்கு அழைக்கிறோம். எதிர்பாராத திசையிலிருந்து அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் ஒன்றாக விழும்போது எல்லாத் தலையும் திரும்பும்.

பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டா?

கூப்பிட உரிமை இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, மூடிய அறைகளுக்கு விலக்கு உண்டு. குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபெல், வணிகப் பகுதியில் 55. ஆகவே மொட்டைமாடிப் பப் என்றால் பத்துக்கு முடித்துவிட வேண்டும், பேச்சே இல்லை. இந்திராநகரில் பப்பும் வீடும் ஒரே சுவரைப் பகிர்கின்றன. மறுபக்கம் ஒரு குழந்தை தூங்க முயல்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

உரிமம் பப்காரரின் பொறுப்பு. ஆனால் அது இல்லாவிட்டால் உங்கள் கிக்தான் போகும். பொதுக் கேளிக்கை இடங்களுக்குப் போலீஸ் உரிமம் வேண்டும் என்ற 2005-ஆம் ஆண்டு ஆணையை உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரியில் உறுதி செய்தது. அதே வருடம் போலீஸ் கெடுபிடி தொடங்கியதும் நகரம் முழுக்கப் பல இடங்களில் நேரடி இசை நின்றுபோனது. நாங்கள் அப்போது வரிசையாக மூன்று தேதிகளை இழந்தோம். இந்திராநகரில் சொந்தப் பாட்டு பேண்டுகளுக்கு வீடு மாதிரி இருந்த ஹம்மிங் ட்ரீ 2019-ல் மூடியது. புதிய இடம் என்றால் ‘லைவ் மியூசிக் லைசன்ஸ் இருக்கா’ என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

காசு எவ்வளவு கொடுப்பாங்க? எப்ப கொடுப்பாங்க?

எவ்வளவு என்பது நாளையும் இடத்தையும் உங்கள் பெயரையும் பொறுத்தது. ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 20,000 பேசினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டிய வரிப் பிடித்தம்) பிடித்தால் கைக்கு 18,000. டிரம் செட் ஏற்றிய டெம்போ, ஒத்திகை அறை வாடகை, இரவு டாக்சி போக மிச்சத்தை நான்காகப் பிரியுங்கள். வேலையை விடாதீர்கள். பிடித்த 2,000 தொலைந்த காசு அல்ல, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கட்ட வேண்டிய வரியில் கழியும், மிஞ்சினால் திரும்ப வாங்கலாம். பேண்டில் ஒருவராவது ஒழுங்காகத் தாக்கல் செய்கிறவராக இருந்தால் அவர் பெயரில் இன்வாய்ஸ் போடுங்கள். வருடத்துக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி. அந்தக் கவலை எங்களுக்கு இன்னும் வரவில்லை.

எப்போது என்பதுதான் கசப்பு. கோரமங்களாவில் ஓர் இடம் எங்களுக்கு ஐந்து மாதம் கழித்துக் கொடுத்தது, அதற்குள் மேனேஜர் மூன்று பேர் மாறியிருந்தார்கள். அதிலிருந்து பாதி முன்பணம், மீதி எத்தனை நாளில் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்காமல் டெம்போ ஏற்றுவதில்லை. ‘எக்ஸ்போஷர் கிடைக்கும்’ என்பவர்களிடம் பறை அண்ணன் சொல்கிற பதில் ஒன்று இருக்கிறது, எழுத முடியாது.

மேலே ராஜா பாட்டு பாடுவோம்னு சொன்னீங்களே, நோட்டீஸ் வராதா?

2017-ல் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கே இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனதிலிருந்து எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். மேடையில் நேரடியாகப் பாட, பாட்டின் இசைக்கும் வரிகளுக்கும் உரிமை வைத்திருப்பவரின் அனுமதி வேண்டும். நிறையப் பாடல்களுக்கு அதை ஐபிஆர்எஸ் என்ற அமைப்பு கொடுக்கிறது, 1969-லிருந்து இருக்கிறது. இடைவேளையில் ஸ்பீக்கரில் ஓடும் பதிவுகளுக்கு பிபிஎல் மாதிரி அமைப்புகளின் உரிமம் தனி. இவற்றை வாங்குவது பொதுவாகப் பப்காரரோ நிகழ்ச்சி நடத்துபவரோதான். லைவ் லைசன்ஸ் கேட்கும்போதே இதையும் கேட்டுவிடுங்கள். வாசித்ததை வீடியோ எடுத்து ஏற்றுவது வேறு விஷயம், மேடை அனுமதி அதற்குச் செல்லாது.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு, பல பேண்டுகள் கவனிப்பதில்லை. நீங்கள் எழுதிய பாட்டுக்கும் இதே உரிமை இருக்கிறது. உறுப்பினராகிப் பாட்டைப் பதிந்து வையுங்கள்.

பாட்டு நடுவுல கிரிக்கெட் போட்டுட்டா? குடிச்சிட்டு ஒருத்தர் மேடைல ஏறிட்டா?

இரண்டும் நடந்திருக்கிறது, ஒரு தடவை ஒரே இரவில். கடைசி ஓவர் என்றால் நிறுத்திவிடுங்கள். தோனியோடும் கோலியோடும் போட்டி போடும் பாட்டை இன்னும் யாரும் எழுதவில்லை. விக்கெட் விழுந்தால் ஒரு சிம்பல், சிக்சர் போனால் ஒரு ரோல், அவ்வளவுதான். கூட்டம் உங்கள் பக்கம் வந்துவிடும்.

மேடையில் ஏறுபவரிடம் மைக்கைக் கொடுக்காதீர்கள். குலுக்கித் தட்டும் டாம்பரின் கொடுங்கள், அதில் ஜிங்கிள் மேல் டேப் சுற்றி வைத்திருங்கள். (அந்தக் கறுப்பு டேப்புக்கு இன்னொரு உபயோகம்.)

எங்க பேண்ட்ல பாடுறது என் தங்கச்சி. ராத்திரி பப்பு, பாதுகாப்பா?

எங்கள் பாடகி இதற்கு என்ன சொல்வார் என்று கேட்டு எழுதுகிறேன்: ‘மேடையில பயமில்ல. மேடையிலருந்து கார் வரைக்கும்தான்.’ ஆகவே இடத்தைப் பார்க்கப் போகும்போது மேடையை மட்டும் பார்க்காதீர்கள். உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை இருக்கிறதா, பின்வாசலில் விளக்கு இருக்கிறதா, பவுன்சர்களில் பெண் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். பெண் மேனேஜர் இருக்கும் இடங்களில் கேட்கவே வேண்டியதில்லை என்பது எங்கள் அனுபவம். முடிந்ததும் முதல் டாக்சி பாடகிக்கு, மூட்டை கட்டுவது மற்றவர்கள் வேலை. இது எங்கள் பாடகி போட்ட விதி. டிரம்மர் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

பத்து பேர்தான் இருக்காங்க. முழு செட்டும் வாசிக்கணுமா?

வாசியுங்கள், பேசிய காசு முழு செட்டுக்குத்தான். ஆனால் நூறு பேருக்கு வாசிப்பது மாதிரி வாசிக்காதீர்கள். ஒரு மழை இரவில் எங்களுக்கு ஏழு பேர் இருந்தார்கள், அதில் இருவர் பவுன்சர்கள். டிரம்மர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு கையால் தட்டினார், நான் ஆம்பைப் பேச்சுச் சத்தத்துக்குக் குறைத்தேன், பாடகி மைக் ஸ்டாண்டைத் தள்ளி வைத்துவிட்டு மேசைக்கு நடுவில் நின்று பாடினார். சொந்தப் பாட்டு மட்டும், ஒன்பது. நாங்கள் வாசித்ததில் வரி முழுசாகக் கேட்ட இரவு அதுதான். வந்திருந்த ஐந்து பேரில் இரண்டு பேர் இப்போதும் வருகிறார்கள், எட்டரைக்கே.

கேபிளை ஏன் அப்படி ஒரு தினுசாச் சுத்துறீங்க?

கடைசியாக எல்லோரும் கேட்பது இதுதான். முழங்கையில் போட்டுத் துணி காயவைக்கும் கொடி மாதிரிச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறுக்கு ஏறும், ஆறு மாதத்தில் உள்ளே கம்பி அறும். ஒரு வளையத்தை மேலாக வையுங்கள், அடுத்ததை மணிக்கட்டைத் திருப்பிக் கீழாக வையுங்கள். மேல், கீழ், மேல், கீழ். முறுக்கு ஒன்றையொன்று தின்றுவிடும், வீசினால் நேராக ஓடும். ஒரே எச்சரிக்கை: சுற்றி முடித்த பிறகு முனையை வளையத்துக்குள் நுழைத்துவிடாதீர்கள். இழுக்கும்போது வரிசையாக முடிச்சு விழும், இருட்டில், அடுத்த பேண்ட் காத்துக்கொண்டிருக்கும்போது.